என் கை பட்டதும் நின்ற துடிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மந்திரித்த கயிறு, கண் திருஷ்டி, காத்து கருப்பு என்றெல்லாம் யாராவது பேச்செடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் ஸ்கேன் அறை வாசலில் யாரோ கட்டிவிட்டுப் போன எலுமிச்சம்பழத்தை நானே அறுத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். இதைக் கேட்டுவிட்டு, டாக்டரம்மாவுக்கு வேலை ஜாஸ்தி, மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி மட்டும் இருந்துவிட்டால் எவ்வளவோ நிம்மதி.

அப்போது திருப்பதியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ரேடியாலஜி மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் நகரிப் பக்கம், வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. அதனால் எல்லைப் பக்கத்திலிருந்து வருகிற தமிழ்ப் பெண்களையெல்லாம் என் அறைக்கே அனுப்பிவிடுவார்கள். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் ஸ்கேன் செய்யும்போது சந்தேகம் வந்தால் புரொபசர் வந்து பார்ப்பார், ஆனால் புரோபை, அதாவது வயிற்றில் வைத்து நகர்த்துகிற கருவியை, வயிற்றைவிட்டு எடுக்க விடமாட்டார். நம் விரலுக்கு அடியில் அவர் விரலை நுழைத்து, இருந்த இடத்திலேயே கை மாற்றிக்கொள்வார். ஆள்தான் மாறும், திரையில் படம் இம்மியும் மாறாது. மாணவர் என்ன தப்புச் செய்தார் என்பது அப்போதுதான் தெரியுமாம்.

கஸ்தூரி கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் வந்து பஸ் மாறி வந்திருந்தாள். எட்டாம் மாதம். முதல் குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது, இது இரண்டாவது.

"காலைலேருந்து ஒரு மாரி இருக்குது மேடம். ஆடிக்கினே இருக்கும், இன்னிக்கி ஆடல," என்றாள்.

ஜெல்லைத் தடவிப் புரோபை வைத்தேன். தலை, முதுகெலும்பு, வயிறு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. இதயமும் தெரிந்தது, நான்கு அறையும் பாடப் புத்தகத்தில் வரைந்தது போலத் தெளிவாக, ஆனால் அசையாமல். துடிப்பைச் சத்தமாகக் கேட்கவைக்கிற டாப்ளரைப் போட்டு ஒலியைக் கூட்டினேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. குழந்தை இறந்துவிட்டது என்று ஒருத்தர் மட்டும் பார்த்துச் சொல்லக்கூடாது, இரண்டாவது ஆளும் பார்க்க வேண்டும், அதுவரை முகத்தில் எதையும் காட்டக்கூடாது. நான் காட்டவில்லை என்றுதான் நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரொபசரைக் கூப்பிட்டேன். வந்தார், வழக்கம்போல என் விரலுக்கு அடியில் விரலை நுழைத்தார். என் கை விலகியதும், ஈரத்துணியை வேகமாக உதறுகிற மாதிரி துடிப்பின் சத்தம் அறை முழுக்க வந்தது. திரையில் இதயம் ஜோராக அடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நித்ரபோதுன்னாவா?" என்றார். தூங்குகிறாயா என்று கேட்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அதைவிட சந்தோஷமாக இருந்தது. எங்கே தப்பு செய்தாய் என்று பார், வாங்கிக்கொள் என்று கையை நகர்த்தினார். நான் அதே இடத்தில் பிடித்தேன். சத்தம் நின்றது. இதயம் பாதி சுருங்கிய நிலையில் அப்படியே நின்றது. அவர் வாங்கினார், அடித்தது. மறுபடி என்னிடம் கொடுத்தார், நின்றது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பக்கத்து அறையிலிருந்து என்னுடன் படித்த பிரசாந்தியைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். அவள் கையில் அடித்தது. மெஷின்தான் கோளாறு என்று அடுத்த மெஷினுக்கு மாற்றினோம், அங்கேயும் இதே கதை. புரொபசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இங்கோ சாரி," என்றார். இன்னொரு தடவையாம்.

அதற்குள் கஸ்தூரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வருவதும் நிற்பதும் அவளுக்கும் கேட்டதுதானே. கத்தவில்லை, அழவில்லை. ஜெல் வழிகிற வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "நீங்க நல்லவங்கதான் மேடம். ஆனா தள்ளி நில்லுங்க, என் கொயந்த பயப்படுது," என்றாள்.

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், எதுவும் அப்படி வலித்ததில்லை. வெளியே போய் வராந்தாவில் நின்றேன். அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். உயிரோடுதான் பிறந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

நீ அழுத்திப் பிடித்திருப்பாய், அழுத்தினால் குழந்தையின் துடிப்பு குறையும் என்றார் புரொபசர். குறையும், வாஸ்தவம். ஆனால் கை எடுத்த நொடியில் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய வேகத்துக்கு வருமா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். மறுநாள் பயந்துகொண்டேதான் புரோபைத் தொட்டேன். அடித்தது. அடுத்தவளுக்கும் அடித்தது. இன்றுவரை யார் வயிற்றில் வைத்தாலும் அடிக்கிறது. படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆயிற்று, நானே மாணவர்களுக்குச் சொல்லித்தருகிற வேலைக்கு வந்தேன். நடுங்கிப்போன ஒரு பெண்ணின் பக்கத்தில் நானும் நடுங்கிப்போனேன், அவ்வளவுதான் என்று முடித்துக்கொண்டேன்.

பிறகு நான் உண்டானேன். பிரசாந்திதான் எனக்கு ஸ்கேன் செய்தாள். டாப்ளரின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, "வினு," என்று சிரித்தாள். கேள் என்கிறாள். கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தேன், புரோபைப் பிடிக்கிற அதே வலது கையை வயிற்றின் ஓரத்தில் வைத்தேன்.

சத்தம் நின்றது.

பிரசாந்தி என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். சத்தம் வந்தது. அதுவரை அந்தக் கையால் எத்தனை தடவை வயிற்றைத் தடவியிருப்பேன் என்று எண்ண ஆரம்பித்தேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வலது கையால் அவளுக்குச் சோறு ஊட்டுவேன், தலை சீவிவிடுவேன். நெஞ்சில் மட்டும் வைத்ததில்லை. தூங்க வைக்க இடது கையால்தான் தட்டுவேன். அவளுக்கு அது பிடிக்காது, "ஏம்மா பீச்சாங்கையாலயே தட்ற?" என்று சண்டை போடுவாள். அவள் அப்பா இன்றுவரை இதைப் பெரிய வேடிக்கையாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் காய்ச்சலில் மத்தியானம் படுத்திருந்தாள். பக்கத்தில் நானும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது என் வலது கை அவள் நெஞ்சின் மேல் இருந்தது, அவளேதான் இழுத்து வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வெடுக்கென்று பிடுங்கினேன். ஒரு பெரிய மூச்சு இழுத்துக் கண்ணைத் திறந்தாள். அழவில்லை, பயப்படவும் இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நா எங்கேம்மா போயினு இருந்தேன்?"