தேவாலாவில் தங்கம் கிடைக்காதவர்

என் நாவலில் எங்கள் முன்னோருக்குத் தங்கம் கிடைக்காது என்று நான் சொன்ன அன்றோடு தாய்மாமா என்னுடன் பேச்சை நிறுத்திவிட்டார்.

மாமாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் பேத்தியோடு இருக்கிறார். நான் அதே ஊரின் தின்கன்ஜூன் பகுதியில் இருக்கிறேன். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மிஷன் பள்ளியில் படித்த அம்மா வீட்டில் விடாமல் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் என் கைமுதல். ரங்கூனில் உட்கார்ந்து தமிழில் நாவல் எழுதினால் யார் படிப்பார்கள் என்று பலரும் கேட்டார்கள். முதலில் நான் படிப்பேன் என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

மாமாவின் கொள்ளுத்தாத்தா நீலகிரிப் பக்கம் தேவாலாவில் தங்கம் தோண்டினார், அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கப்பலேறி இங்கே வந்தார் என்பது குடும்பக் கதை. அதை நாவலாக்கலாம் என்றுதான் தொடங்கினேன். பழைய அறிக்கைகளையும் வரலாற்று நூல்களையும் கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கதை வேறு பக்கம் திரும்பியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அங்கே தங்க மோகம் பிடித்தது உண்மை. மலைவாசிகள் காலங்காலமாக ஓடைமணலை அலசித் துளித்துளியாகப் பொன் எடுத்துவந்த இடம் அது. காப்பித் தோட்டங்கள் நோயில் நொடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பாறைக்குள் தங்கம் இருக்கிறது என்று வெள்ளைக்காரர்கள் சொல்ல, லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. தோட்டங்கள் தங்க நிலமாக விலை போயின. பாறையை இடித்துப் பொடியாக்கும் பெரிய இயந்திரங்களை மலைப்பாதையில் இழுத்து ஏற்றினார்கள். இடித்த பாறையில் செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகாத அளவே தங்கம் இருந்தது. சில வருடங்களில் கம்பெனிகள் கவிழ்ந்தன. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்து நின்றன.

மாமாவிடம் போய் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எங்க கொள்ளுத்தாத்தா வெறுங்கையோட வந்தாருன்னு எழுதப் போறியா?"

"ஆமா மாமா. கம்பெனி வெச்ச துரைமாருங்களே வெறுங்கையோடதான் போனாங்க."

நான் விடைபெற்றபோது அவர் தலையாட்டக்கூட இல்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் கதையை மாற்றும் எண்ணம் ஒரு நொடியும் வரவில்லை.

என்னை நிறுத்தியது வேறொன்று. வெறுங்கையோடு இறங்கியவர் ரங்கூனில் என்ன செய்தார்? அங்கே எழுத்து நின்றுவிட்டது.

மாமாவின் பேத்தி தன்லியினில் ஒரு தையல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தமிழ் புரியும், பேச்சு பெரும்பாலும் பர்மியம்தான். தாத்தாவின் கோபத்துக்குச் சமாதானம் சொல்ல விடுமுறை நாளில் என்னைத் தேடி வந்தாள். நான் முடங்கிக் கிடப்பதைச் சொன்னேன். அவள் வேலை பார்த்த முந்தைய தொழிற்சாலை திடீரென்று மூடப்பட்டது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பர்மியத்தில் தொடங்கியவள், முக்கியமான இடத்தில் தமிழுக்கு வந்தாள்.

"ஃபேக்டரி மூடினா நாங்க வேற ஃபேக்டரிக்குப் போறோம்ல அத்தை? தையல் தெரிஞ்சவ தையலுக்குப் போவா. பாய்லர் பாத்தவரு பாய்லருக்குப் போவாரு. தாத்தாவோட கொள்ளுத்தாத்தா அங்க எந்த மெஷின் பாத்தாரு?"

அவள் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். தேவாலா இயந்திரங்களில் சில நீராவியில் ஓடின. அதே காலத்தில் இங்கே ரங்கூனில், பசுண்டாங் ஓடைக்கரையில் அரிசி ஆலைகள் உமியை எரித்து நீராவியில் ஓடின. பாறை இடிக்கும் கொதிகலனுக்கு விறகு போட்டவர், நெல் குத்தும் கொதிகலனுக்கு உமி போட்டிருக்கலாம். சான்று என்னிடம் இல்லை. நடந்திருக்கக்கூடியதை எழுதுவது நாவலாசிரியரின் உரிமை. அதை நான் தயங்காமல் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கேட்காமலே படிக்கத் தொடங்கினேன். மொழி தெரியாத ஊரில், ஆலை வாசலில் நிற்கும் ஒரு மனிதர் உள்ளேயிருந்து வரும் இரைச்சலைக் கேட்டு, அது தனக்குத் தெரிந்த இயந்திரம் என்று கண்டுகொள்ளும் அத்தியாயம். கங்காணி சைகையில் மண்வெட்டியைக் காட்ட, அவர் வாங்கி உமியை அள்ளி வீசுகிறார். படித்து முடித்து நிமிர்ந்தபோது மாமா என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"தேவாலாவுல அவரு தங்கத்தக் கண்ணாலயாச்சும் பாத்தாரா?"

"ஒரு தடவ பாத்தாரு மாமா. தட்டுல தண்ணி வடிஞ்சப்புறம், சேத்துக்குள்ள ஒரு மினுக்கு."

"அத எடுத்துடாத."

எடுக்க மாட்டேன் என்றேன். பேத்தியைக் கூப்பிட்டு எனக்குத் தேநீர் போடச் சொன்னார். பிறகு, முதலிலிருந்து படி என்றார்.

சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் புத்தகத்தைப் போட்டது. எது வரலாறு, எது என் கற்பனை என்று பின்னுரையில் பிரித்து எழுதியிருக்கிறேன். மாமாவுக்கு இப்போது ஒரே குறை, கொள்ளுத்தாத்தாவைக் குள்ளமாகக் காட்டிவிட்டேனாம். பேத்தியும் நானும் நாவலைப் பர்மியத்தில் கொண்டுவருகிறோம். நான் வாசித்துப் பொருள் சொல்ல, அவள் எழுதுகிறாள். மலைப்பாதையில் இயந்திரம் ஏறும் அத்தியாயத்தில் இரண்டு பத்திகள் இழுவை என்று அடித்துவிட்டாள். சண்டை போட்டு ஒன்றைத் திரும்பச் சேர்த்தேன். மற்றது இழுவைதான்.