எனக்கு மட்டும் அடிக்காத பெட்ரோல் வாடை

நாலு வருஷத்துக்கு முந்தின கார்த்திகை மாதம். மதுரை திருநகரில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும் இருந்தோம். அவளுக்கு ஏழாவது மாதம் தொடங்கியிருந்தது. வாசலில், சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். அது என்னுடையதுதான் என்று தினமும் காலையில் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் பல் தேய்க்கவே போவேன்.

நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் எழுமலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவிலேயே கார் வாங்கிய முதல் ஆள் நான். அதிலும் எப்படிப்பட்ட கார்! ரெண்டே சீட், தரையை உரசுகிற மாதிரி உயரம், துணிக் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேலே வானம். வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒரு டாக்டரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கினேன். சொந்தக்காரர்கள் யார் பார்த்தாலும் கேட்ட ஒரே கேள்வி, "பிள்ளை பிறந்தா எங்கப்பா உக்கார வைப்ப?" என்பதுதான். எனக்குச் சுருக்கென்று இருக்கும். சிரித்துச் சமாளிப்பேன்.

கார் வந்த மாதமே எனக்கு ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துக் கிடந்தேன். எழுந்ததற்குப் பிறகு எல்லாமே கொஞ்சம் எட்டிப்போய் நிற்கிற மாதிரி ஓர் உணர்வு. தெரு, மரம், சமையலறை, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி, எல்லாவற்றையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்ப்பது போல. சோறு கூட சத்தமில்லாமல் உள்ளே போனது. விடிகாலையில் கூரையைத் திறந்துகொண்டு ரிங் ரோட்டில் போனால், பனி முகத்தில் படும். அதுவும் யாருடைய முகத்திலோ படுகிற மாதிரி இருக்கும். மிதக்கிறோம் என்று நினைத்தேன். ஆசைப்பட்ட கார், பிறக்கப் போகும் பிள்ளை; சந்தோஷம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த மிதப்பில் முதல் கல்லைப் போட்டது என் மனைவிதான். ஒரு நாள் சாயங்காலம் ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, "ஏங்க, பெட்ரோல் வாடை அடிக்குதே" என்றாள்.

நான் மூக்கை நாலு பக்கமும் திருப்பி இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "பங்க்ல இப்பத்தான போட்டோம், அதுவா இருக்கும்" என்றேன். அடுத்த வாரமும் சொன்னாள். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் நான் குனிந்து, சீட்டுக்கு அடியில், டிக்கியில், பானட்டைத் திறந்து என்று மோந்து பார்ப்பேன். சுத்தமாக எதுவும் வராது. மாசமாக இருக்கிறவளுக்கு வெங்காயம் வதக்கினாலே குமட்டும், பக்கத்து வீட்டு ஊதுபத்தி கூட ஆகாது. அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டேன்.

இருந்தாலும் அவள் திருப்திக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டேங்கில் அன்றைக்குக் கால் பாகம்தான் பெட்ரோல் இருந்தது. "ஒழுகல் எதுவும் இல்ல சார், வாடையும் இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதை வெற்றிச் செய்தி மாதிரி சொன்னேன். நான் சும்மா இருந்திருக்கலாம். சென்ட் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து கண்ணாடியில் தொங்கவிட்டேன். அன்றைக்கு ரெண்டு தெரு தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு உள்ளுக்குள் வேறு ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. 'காரை வித்துரு' என்று எல்லோரும் நேராகச் சொல்கிறார்கள். இவள் பெட்ரோல் வாடை என்று சுற்றி வளைத்துச் சொல்கிறாள். அப்படித்தான் நினைத்தேன். அவள் வாடை என்று வாயைத் திறந்தாலே என் காதில் விழுந்தது வேறு.

வளைகாப்புக்கு முந்தின நாள் எழுமலையில் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். காலையிலேயே போய் டேங்கை முழுசாக நிரப்பிக்கொண்டு வந்தேன். நல்ல பனி. கூரையை மூடியிருந்தோம். திருமங்கலம் தாண்டி உசிலம்பட்டிப் பாதையில் சோளக்காடுகள் வெள்ளைத் துணிக்குள் நிற்பது மாதிரி நின்றன. ஒரு கண்மாய் மட்டும் தகடு போல மின்னியது. நான் பாட்டுப் போட்டேன். சீட்டுக்குப் பின்னால் தரைவிரிப்புக்குக் கீழே நானே ஒயர் இழுத்து ஒரு ஆம்ப்ளிஃபையர் மாட்டியிருந்தேன். பாட்டு முதுகைத் தடவிக்கொடுக்கிற மாதிரி கேட்கும்.

ரெண்டு மூன்று வளைவு தாண்டியிருப்போம். "நிறுத்துங்க" என்றாள். முகம் வெளுத்திருந்தது. நிறுத்தியதும் இறங்கி, ரோட்டோரத்து மைல் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"தலை சுத்துதுங்க. என்னால இதுக்கு மேல இதுல வர முடியாது."

"உனக்கு இந்தக் காரைப் பிடிக்கலைன்னா நேராவே சொல்லிரு. எதுக்கு வாடை, நாத்தம்னு?" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பனிக்குள்ளிருந்து உசிலம்பட்டி பஸ் ஒன்று வந்தது. கையை நீட்டினாள். "நீங்க போங்க. நான் பஸ்ல வாரேன்." ஏறிப் போய்விட்டாள்.

ஏழு மாதக்காரி பஸ்ஸில் போகிறாள்; அவள் புருஷன் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஸ்போர்ட்ஸ் காரில் ஊர்ந்து போகிறான். நினைத்துப் பார்த்தால் இப்போதும் கூசுகிறது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் அவள் தலை மட்டும் தெரிந்தது. பனி மூடும்போது மறையும், விலகும்போது மறுபடி தெரியும். ஒரு தடவை கூட அவள் திரும்பவில்லை. பாட்டை நிறுத்திவிட்டேன்.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவள் எழுமலை பஸ்ஸுக்கு மாறினாள். நான் எதிர் ஓரத்தில் காரோடு நின்றேன். அதே பஸ்ஸில் ஏறப்போன ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவை, "கூடையோட ஏறாத, ஆளுக மூக்கைப் பொத்துதுக" என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். பஸ் போய்விட்டது. கருவாட்டுக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா அப்படியே நின்றார். அவர் முகமும் எனக்கு என்னவோ போல் இருந்தது. என் பக்கத்து சீட் வேறு காலியாக இருந்தது.

"எழுமலைக்குத்தான் போறேன் அக்கா, ஏறுங்க" என்றேன்.

அவர் காரைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "வேணாம் ராசா. நெத்திலியும் சாளையும் இருக்கு. ஒரு மாசத்துக்குப் போகாது நாத்தம்."

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே" என்றேன். மரியாதைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பியதும் மூக்கை முந்தானையால் மூடினார். கருவாட்டுக்காரம்மாவே மூக்கைப் பொத்துகிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"தம்பி, வண்டியை ஓரங்கட்டு. என் கருவாட்டையும் மீறி பெட்ரோல் இம்புட்டு நாறுது, உனக்குத் தெரியலையா?"

பிரேக்கை மிதித்தேன். பக்கத்தில் ஒரு கூடை கருவாடு. மூடிய காருக்குள், அரை அடி தூரத்தில். நான் குனிந்து கூடைக்கு மேலே முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தேன்.

காற்று மட்டும்தான் வந்தது.

இன்னொரு தடவை இழுத்தேன். நெத்திலிகள் வெள்ளிக் கீற்று மாதிரி பளபளவென்று கிடந்தன. வாசனையே இல்லை. அந்த நிமிஷம் காய்ச்சலுக்குப் பிறகு போன நாலு மாசமும் வரிசையாக வந்து நின்றது. அடுப்பில் பால் தீய்ந்தபோது பக்கத்திலேயே நின்றும் எனக்குத் தெரியாமல் போனது. குழம்பில் உப்பு உறைப்பு இல்லை என்று நான் சண்டை பிடித்தது. மழை பெய்தும் மண் வாசனை வராதது. நான் மிதப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது, சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, அது இதுதான். என் மூக்கு செத்துப்போயிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

"என்னப்பா, ஏன் அழுகுற?" என்று அந்த அம்மா கேட்டபோதுதான் நான் அழுவதே எனக்குத் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "முதல்ல சாவியைப் பிடுங்கு, இறங்கு. அழுகுறதை அங்கிட்டு நின்னு அழு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஐம்பதடி தள்ளிப் போய் நிறுத்தினார். ரோட்டில் பீடியோடு வந்த ஒருவரைக் கூட அதட்டி எதிர்ப் பக்கமாகப் போகச் சொன்னார். வெயில் ஏறிப் பனி கலைந்து, மேற்கே மலை தெரியத் தொடங்கியது. ஒரு ஷேர் ஆட்டோவில் ரெண்டு பேரும் எழுமலை போய்ச் சேர்ந்தோம். கூடையை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

மனைவி வாசலில் நின்றாள். என் சட்டையில் அடித்த கருவாட்டு வாடையில் ரெண்டு எட்டுப் பின்னால் போனாள். "எனக்கு எந்த வாசனையும் தெரியலம்மா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மூக்கை மூடிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வளைகாப்பு முடிந்தது. ரோட்டோரத்தில் விட்டுவந்த காரை லாரியில் ஏற்றி அவனியாபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கதையைக் கேட்டுவிட்டு, "நம்ம மூக்கும் ஆகாதுண்ணே. சின்னதுல இருந்து பெட்ரோல்லயே ஊறிப்போச்சு. வாடை யாருக்கு அடிக்குதோ அவங்க வந்தாத்தான் சரியா வரும்" என்றார்.

செக்கப்புக்கு டாக்டரைப் பார்க்க மதுரை வந்த அன்று அவளும் மெக்கானிக்கிடம் வந்தாள். காற்று வருகிற திசையில், கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவளை மெக்கானிக் உட்கார வைத்தார். எப்போதெல்லாம் அடிக்கும் என்று கேட்டார். என்னிடம் இல்லை, அவளிடம்.

"பெட்ரோல் போட்ட அன்னைக்குத்தான் அடிக்கும். வண்டி திரும்புறப்ப கூடும். ரெண்டு நாள் ஓடுச்சுன்னா இருக்காது. இவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

ஆமாம், சொல்லியிருக்கிறாள். கணக்கு வாத்தியாருக்குத்தான் அதில் ஒரு கணக்கு இருப்பது தெரியவில்லை. மெக்கானிக் டேங்கை நிரப்பி, வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். பிறகு ஒவ்வொரு இடமாகச் சுத்தமான துணியால் துடைத்து, துணியை அவளுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டினார். இன்ஜின் பக்கம் துடைத்த துணி. தலையை ஆட்டினாள், இல்லை. பெட்ரோல் போடும் வாய், இல்லை. அடியில் போகும் குழாய், இல்லை. சீட்டுக்குப் பின்னால் தரைவிரிப்பைக் கிழித்து உள்ளே விட்டுத் துடைத்த துணியைக் கொண்டு வரும்போதே, பாதி தூரத்திலேயே, கையைத் தூக்கினாள். "இதுதான்."

டேங்கின் தலைப் பக்கம் ஒரு மூடி. அதற்குக் கீழே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. டேங்க் நிறைந்திருந்து வண்டி வளைவில் சாயும்போது மட்டும் அந்த வெடிப்பு வழியாகக் கசியும். தரைவிரிப்பு குடித்துக்கொள்ளும். மெக்கானிக் அதோடு பேச்சை நிறுத்திவிட்டு, என்னைக் கூப்பிட்டு டார்ச் வெளிச்சத்தில் இன்னொன்றைக் காட்டினார். வளையத்துக்கு ஒரு சாண் தள்ளி நான் இழுத்த ஆம்ப்ளிஃபையர் ஒயர், இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்து, செம்பு தெரிந்தது.

"ஒரு பொறி போதும்ணே" என்றார்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ரெண்டு கை நிறைய வளையலோடு, வயிற்றின் மேல் கையை வைத்து, வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் கீழே உட்கார்ந்து, "காரை வித்துருவோம்" என்றேன்.

"நான் எப்பங்க விக்கச் சொன்னேன்? கூரையைத் திறந்துட்டுப் போறது எனக்கும் பிடிக்கும். வாடை அடிக்குதுன்னுதான சொன்னேன்" என்றாள்.

அந்தக் காய்ச்சலால் வந்தது இது, மெதுவாகத் திரும்பலாம், சொல்ல முடியாது என்றார் என் மூக்கைப் பார்த்த டாக்டர். பிள்ளை பிறந்தபோது திரும்பியிருக்கவில்லை. எல்லோரும் பிள்ளையின் தலையை மோந்து பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மனைவியிடம், எப்படி இருக்கு, சொல்லு என்று கேட்டேன். அவள் கண்ணை மூடி, கொஞ்சம் யோசித்து, "காய்ச்சி ஆறின பால்... அப்புறம் வெயில்ல காஞ்ச துணி" என்றாள். அந்த வாசனையை அவள் சொல்லித்தான் நான் வைத்திருக்கிறேன். இப்போது காபியும் மழையும் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. பெட்ரோல் இன்னும் வரவில்லை.

அன்றைக்குப் பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றை இன்னொருவர் 'இருக்கு' என்று சொன்னால், நிரூபிக்கச் சொல்லி அவரை நிறுத்திவைப்பதில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து தேடத் தொடங்கிவிடுகிறேன்.