ஜோசியர் பொழப்பைக் கெடுத்த பூரான்

விலை அதிகம் என்று திட்டு வாங்குவது எல்லா வியாபாரத்திலும் உண்டு. விலை குறைவு என்று திட்டு வாங்கியது கம்ப்யூட்டர் கடையில் நின்ற நான் ஒருவன்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய அன்பர்களே, நீங்களே கேட்டு ஒரு நியாயம் சொல்லுங்கள்.

ஒரு தட்டுப் பூரான்

எண்பதுகளின் கடைசி. மலேசியாவின் ஈப்போ டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடை. விற்கவும் ரிப்பேர் பார்க்கவும் நான் ஒரே ஆள். அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த சிலபேரும் எக்ஸ்டி என்ற மாடலைத்தான் வைத்திருந்தார்கள். அது எவ்வளவு மெதுவு தெரியுமா? ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறி மாமியார் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, மாமியாரோடு சண்டையும் போட்டுத் திரும்பினால், அது அப்போதுதான் பாதி முடித்திருக்கும். சத்தியம்.

வேகமான 286 மெஷின் வேண்டுமானால் மோட்டார் சைக்கிளை விற்க வேண்டும். ஆனால் மலிவாக ஒரு வழி இருந்தது. மெஷினுக்கு மூளையான பிராசசரை மட்டும் கழற்றிவிட்டு, அதே குழியில் இன்னும் சுறுசுறுப்பான வி-20 என்ற ஒன்றைக் குத்திவிடலாம். பார்க்க அசல் பூரான். பக்கத்துக்கு இருபதாக நாற்பது கால். குடும்பத்தோடு ஒரு படம் பார்த்து வெளியே சாப்பிடும் செலவுதான். நான்தான் தவுக்கேயை நச்சரித்து ஒரு தட்டு நிறைய வரவழைத்தேன். ஆறு மாதத்தில் ஒன்றுகூட நகரவில்லை. தைப்பூசத்துக்குள் தட்டு காலியாக வேண்டும் என்று தவுக்கே கெடு வைத்துவிட்டார். சரக்கு விலைபோகாவிட்டால் நீயும் விலைபோக மாட்டாய் என்பதை அவர் மலாயில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இனி பாராங் தாக் லாக்கு, லூ பூன் தாக் லாக்கு!”

கையில் எடை பார்த்தவர்

பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் வந்தார். மெஷின் மெதுவாக இருக்கிறதாம். பழைய பிராசசர் ஒன்றையும் என் பூரானையும் கைக்கொன்றாக உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி எடை பார்த்தார். ரப்பர் பால் எடை போட்ட பழக்கம், விடவில்லை. இரண்டும் ஒரே கனம், ஒரே அளவு. அந்த நிமிஷமே அவருக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நேராக எதிர்க்கடைக்குப் போய், தன் மெஷினை மாட்டிக்கொள்ள முகப்பில் சிவப்பாக நம்பர் எரியும் புதுப் பெட்டி ஒன்றை வாங்கினார். அந்த நம்பர் மெஷினின் வேகம் இல்லை ஐயா, கடைக்காரன் உள்ளே ஊசியை மாற்றி வைத்தால் எந்த நம்பரும் எரியும்! உள்ளே ஓடுவது அதே பழைய ஆமை. நடு ரோட்டில் ஓடிப்போய் மறித்துச் சொன்னேன். கிராணி அசையவில்லை. “தம்பி, உங்க சாமான் உள்ளுக்குப் போய் ஒளிஞ்சிக்கிது. வீட்டுக்கு வாரவனுக்கு நான் எதைக் காட்டுறது?”

டீச்சரின் கேள்வி

அடுத்து பாரிட் புந்தாரிலிருந்து ஒரு டீச்சர். பள்ளிக்கூடக் கேள்வித்தாளும் சர்ச்சுப் பாட்டுத்தாளும் வீட்டிலேயே அடிப்பவர். விலையைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. இவ்வளவு மலிவா? யார் வீட்டில் கழற்றியது? தண்ணீரில் விழுந்ததா? விலை கூட்டிச் சொல்லியிருந்தால் பேரம் பேசி வாங்கியிருப்பார். உண்மையைச் சொன்ன பாவத்துக்கு எனக்குப் போலீஸ் விசாரணை.

“சரி பிரதர், உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இதைப் போட்டிருக்கீங்களா?” என்றார். என் சம்பளத்துக்கு வீட்டில் ஃபேன் சுற்றுவதே பெரிசு. இல்லை என்றேன். டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டார். “வீட்டுல கம்ப்யூட்டரே இல்லாத ஆளா எனக்கு மூளை மாத்தப் பார்க்குறீங்க?”

முதல் போணி

கடைசியில் புந்தோங்கிலிருந்து வந்த ஒரு ஜோசியர்தான் வாங்கினார். கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிப்பவர். பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாம் தட்டிவிட்டால் மெஷின் இருபது நிமிஷம் யோசித்துப் பலனை அச்சடித்துத் தரும். நானே வீட்டுக்குப் போய், மெஷினைத் திறந்து, பழசைப் பிடுங்கித் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பூரானைக் குத்தினேன். இருபது நிமிஷம் பன்னிரண்டு ஆனது. ஜோசியர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ராசியான கைய்யா! இனிமே ஒரு நாளைக்கு எத்தனை பேரு தலையெழுத்தைப் பார்க்கலாம்!”

பத்தாம் நாள்

பத்தாம் நாள் அதே ஜோசியர் குடையை ஓங்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். அவர் போட்ட சத்தத்தில் காட்சிக்கு வைத்திருந்த மெஷின் ஒன்று தானாகவே அணைந்துபோனது. ரிப்பேர் மேசைப் பக்கம் இழுத்துப்போய் என்ன கோளாறு என்று கேட்டேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

மெஷின் யோசிக்கும்போது ஜாதகம் பார்க்க வந்தவர் சும்மா இருப்பாரா? பேசுவார். முதல் ஐந்து நிமிஷம் முழங்கால் வலி, அடுத்து மருமகள். பதினைந்து நிமிஷம் தாண்டினால்தான் வந்த காரியம் வாயில் வரும். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, பேப்பரில் இருப்பதுபோல் வாசித்துவிடுவாராம். இப்போது பன்னிரண்டாவது நிமிஷமே பேப்பர் வெளியே வந்துவிடுகிறது. முந்தின நாள் ஓர் அம்மா மகளைப் பற்றி ஆரம்பித்திருக்கிறார், அதற்குள் அச்சடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஜோசியர், “மாப்பிள்ளை தங்கமான பிள்ளை” என்று அடித்துவிட்டிருக்கிறார். அந்த அம்மா வெற்றிலையோடு தட்சணையையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! வேகம் வேண்டும் என்று கேட்டது யார்? அவர் என் சட்டைப் பட்டனைப் பிடித்தார். “யோவ், மாப்பிள்ளை ஓடிப்போன கதைக்கு அந்தம்மா வாரதுக்குள்ள, உம்ம பூரான் ஓடி முடிச்சிருச்சுய்யா!”

ஊரெல்லாம் வசை

தீப்பெட்டியில் இருந்த பழைய பிராசசரையே திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அத்தோடு விட்டாரா மனுஷன்? கோப்பிக் கடை, பஸ் ஸ்டாப், கோயில் வாசல், ஓரிடம் விடாமல் என்னைத் திட்டினார். “அவன் போட்ட சாமான் பேய் மாதிரி ஓடுது, மனுஷனை மூச்சு விட விடலை!” தைப்பூசத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வேலை போனால் பழைய தொழிலுக்கே போக வேண்டியதுதான் என்று, ரேடியோ ரிப்பேர் பார்த்த காலத்து ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்துத் துரு தட்டி வைத்தேன்.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே வாசலில் நாலு பேர். “அண்ணே, ஜோசியர் பொழப்பைக் கெடுத்த சாமான் இருக்கா லா?” மறுநாள் ஒன்பது பேர். மூன்றாம் நாள் பத்து காஜா கிராணி வந்தார், சிவப்பு நம்பர் எரியும் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு. ஆறு மாதமாக இதைத்தானே ஐயா நான் சொன்னேன் என்று கத்தினேன். அவர் சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நீங்க வேகம்னுதானே தம்பி சொன்னீங்க, ஜோசியர் கதையைச் சொன்னீங்களா? இப்ப வீட்டுக்கு வாரவன்கிட்ட சொல்லிக்க எனக்கு ஒண்ணு இருக்கு!”

தவுக்கேயின் திட்டம்

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பே தட்டு காலி. என் வேலை தப்பியது. தவுக்கே ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் இன்னும் இரண்டு தட்டுக்கு போன் போட்டுவிட்டு, அந்த ஜோசியரை இன்னொரு தரம் திட்டச் சொல் என்று எனக்கு உத்தரவு போட்டார்: “சூரோ டியா மாக்கி லாகி!”

நான் ஆறு மாதம் வாய் வலிக்கப் புகழ்ந்தும் அசையாத பூரான், ஒரு மனுஷன் இரண்டு வாரம் வாய் வலிக்கத் திட்டியதும் நாற்பது காலாலும் ஓடியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.