சிரட்டையில் விழுந்த ஓட்டு

முத்தையா அண்ணே, காய்ச்சலில் நீ செத்துப்போன மலாயாவின் சிகாமட் ரயில் ஸ்டேஷனில் நிற்கிறேன். அமெரிக்காவில் ராஜாவை விரட்டிவிட்டு ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தலைவரை வைத்தார்களாம். கணக்கு எழுதும் கிராணி சொன்ன அந்தக் கதையைக் கேட்டு, நீ நம் ரப்பர் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் கங்காணி வேலைக்கு ஓட்டுக் கேட்டு நின்றாய். உன் சிரட்டையில் போடும் ரப்பர் விதைதான் ஓட்டு. வெள்ளைக்காரத் துரை அன்றைக்கே உன்னை விரட்டினார்.

போர்ட்டர் ஒருவர் ஈரமான பெஞ்சைக் காட்டுகிறார்.

"இங்கதான் கெடந்தாரு. நீ யாருப்பா?"

"அவரு தம்பிங்க."

"ஓ, நீதானா? செரட்டை நெறைய வெத விழுந்துச்சு, அதுல ஒண்ணு என் தம்பி போட்டதுன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாருப்பா."

நான் போடவில்லை. துரைக்குப் பயந்து நாம் குடியிருந்த லயத்துக்குள் ஒளிந்திருந்தேன். போர்ட்டர் போனதும் பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் எழுதுகிறேன்:

இதைப் படிக்கிற எல்லாரும் எங்கள் அண்ணனுக்காக ஒரு தரம் சாமியை வேண்டிக்கொள்ளுங்கள்.