தென்காசியில் என் ஜீப்புக்கு பெல்ட் மாற்றிய லட்சணம்

வியாழக்கிழமை, விடியற்காலை. மதுரையில் கிளம்பும்போதே வாய்த்தகராறு. ஆரியங்காவு மலையைத் தாண்டி, புனலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஜாதிக்காய்க் கன்றுகள் எடுத்துவரப் போகிறேன். நாற்றுப் பண்ணை என்னுடையது, ஜீப் என்னுடையது, ஓட்டுவதும் நான். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் வண்டி. என் வீட்டுக்காரர் துணைக்கு வருகிறார். இதில் ஏறி இறங்கி அவருக்கு இடுப்பு போகிறதாம், விற்றுவிட்டு ஒரு கார் வாங்க வேண்டுமாம்.

"போற வழியில ஒரு தடவை நின்னுட்டாலும், ஊருக்கு வந்ததும் வித்துரணும். சம்மதமா?" என்றார்.

காரில் கன்று ஏற்றிக்கொண்டு சேற்றில் யார் இறங்குவது என்று அவருக்குக் கவலையில்லை. வந்த ரோஷத்தில் சம்மதம் என்று சொல்லித் தொலைத்தேன்.

ராஜபாளையம் வரை வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சிவகிரியைத் தாண்டும்போது முன்பக்கம் மெல்லக் 'கீச்' என்றது. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தேன். வாட்டர் பம்ப் கசிந்து டைமிங் பெல்ட்டின் மூடிப்பக்கம் ஈரமாக இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எஞ்சினுக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டனும் திறந்து மூடுகிற வால்வும் ஒன்றோடொன்று முட்டாமல் தாளம் பிடிப்பது இந்த ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தாலோ இடம் மாறினாலோ, எஞ்சின் பழைய இரும்புக் கடைக்கு.

"நின்னுருச்சே," என்றார் வீட்டுக்காரர், முகமெல்லாம் மலர்ந்து.

"நிக்கல. நான் நிறுத்தினேன். ரெண்டும் வேற," என்றேன்.

பெல்ட் மாற்ற வேண்டிய காலம் எப்படியும் வந்திருந்தது. புது பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், புது வாட்டர் பம்ப் எல்லாம் வாங்கிப் பின்னால்தான் போட்டிருந்தேன். மெதுவாக உருட்டி மதியத்துக்குள் தென்காசி போய்ச் சேர்ந்தோம். மதுரையிலிருந்து நூற்றறுபது கிலோமீட்டர். வெயில் காணாமல்போய் முகத்தில் சாரல் விழுந்தது. சீசன் நேரம், ஊரே குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளால் அடைந்து கிடந்தது.

செங்கோட்டை ரோட்டில் ஒரு பட்டறை. முதலாளி அண்ணாச்சி, நெற்றி நிறையத் திருநீறு, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வேலை செய்கிற மெக்கானிக் மாரியப்பன். சாவியோடு இறங்கி, என்ன வேலை என்று சொன்னது நான். அண்ணாச்சியின் பதில் போனது என் வீட்டுக்காரருக்கு.

"சார், பெல்ட்ட மட்டும் மாத்துனா போதும். டென்ஷனரு நல்லாத்தான் இருக்கு."

"கழட்டிப் பாக்காம நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மேடத்துக்கு ஒண்ணும் இல்ல சார், பயப்படுதாங்க. நீங்க எடுத்துச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரருக்கு டென்ஷனர் என்றால் தலைவலியா மாத்திரையா என்று தெரியாது. ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய டென்ஷனர் கழன்று வந்ததும் விரலால் சுற்றிக் காட்டினேன். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி கரகரத்தது. மாரியப்பன் புதியதைப் பிரித்தார். அண்ணாச்சி மட்டும் விடவில்லை.

"இதுக்கு என்னதுக்கு சார் செலவு பண்ணுதீக? வித்துருங்க. நானே ஆள் பாத்துத் தாரேன்."

எதிரியை நான் வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் பம்ப் மாட்டியாயிற்று. மாரியப்பன் பெல்ட் ஓடுகிற பற்சக்கரங்களைக் கோட்டுக்கு நிறுத்தி, வால்வை இயக்குகிற கேம் சக்கரத்தின் குறியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துப் பழைய பெல்ட்டைக் கழற்றினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மீதி காலையில் என்று ஷட்டரை இறக்கிவிட்டார்கள். நாங்கள் குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கினோம். ரசீது யார் பெயருக்கு என்று லாட்ஜில் கேட்டதும் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை, காலை. பட்டறைக்குக் கிளம்பும் நேரத்தில் அண்ணாச்சியிடமிருந்து போன், வீட்டுக்காரருக்கு. "மேடத்தக் கூட்டிட்டு நல்லா அருவில குளிச்சுட்டு மெதுவா வாங்க சார். பக்கத்துல நின்னா பயலுக்கு வேல ஓடாது." என்னை ஒதுக்கி வைக்க இப்படி ஒரு வழி. ஆனால் பேரருவிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுக் குளிக்காமல் போக எனக்கும் மனசில்லை, போனேன்.

பெண்கள் பக்கத்துக் கூட்டத்தைப் பற்றி என்ன சொல்வது. ஆண்கள் அகலமான பாறையில் கை கால் நீட்டி ஆனந்தமாக நிற்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள், ஈரச் சேலையும் பிள்ளையுமாக, ஓரத்தில் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் இடித்துக்கொண்டு. "உள்ள போனவுக வெளிய வாங்கட்டி, நாங்களும் மனுசங்கதான்" என்று பின்னால் ஒரு ஆச்சி சத்தம் போட்டாள். அது சரிதான் என்று தோன்றியது. தண்ணீர் தலையில் விழுந்ததும் மண்டைக்குள் இருந்த ஜீப், அண்ணாச்சி எல்லாம் கொஞ்ச நேரம் காணாமல் போனது உண்மை. அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

வெளியே வந்தால் வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் முன்னால் துண்டோடு கண்ணை மூடிக் கிடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பெல்ட் மாட்டினால், சாவியைத் திருப்பி செல்ஃப் அடிப்பதற்கு முன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் கையோடு தெரியும். செல்ஃப் அடித்த பிறகு தெரிந்து பிரயோஜனமில்லை. எண்ணெய் வடிய வடிய அவரைக் கிளப்பி ஆட்டோவில் ஏற்றினேன். தென்காசிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான், அன்றைக்கு அது முடிகிற வழியாக இல்லை.

பட்டறைக்குள் நுழையும்போது மாரியப்பன் சாவியோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அடிக்காதீங்க," என்று ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினேன். "கையால சுத்திப் பாத்தீங்களா?"

"குறிய வச்சுத்தானே மாட்டிருக்கேன் மேடம்."

"சார், என்ன இது?" என்றார் அண்ணாச்சி. யாரைப் பார்த்து என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பேனரை எடுத்து, எஞ்சினைச் சுற்றுகிற கிராங்க் போல்ட்டில் நானே மாட்டித் திருப்பினேன். முக்கால் சுற்று வழவழவென்று வந்தது. பிறகு 'டக்'. இரும்பில் இரும்பு முட்டிய சத்தம். மேற்கொண்டு ஒரு நூல் நகரவில்லை. ஸ்பேனரை அப்படியே விட்டேன்.

"உள்ள ஏதோ பிடிச்சிருக்கு சார். பழைய எஞ்சின்லா, ஆயுசு அவ்வளவுதான். நான்தான் நேத்தே சொன்னேன்ல," என்றார் அண்ணாச்சி.

"இப்படியே குடுத்தா என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

வண்டி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே பாடைக்கு விலை கேட்கிறார். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் கருகிப் போகும். டார்ச்சை வாங்கிக் குனிந்தேன். கேம் சக்கரத்தில் புள்ளி இருந்தது. ஆனால் அது கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. விரலால் தேய்த்தேன், பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

"அண்ணாச்சி, இது என்ன?"

முதல்முறையாக என்னைப் பார்த்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமல்லா. திறந்துபோட்ட எஞ்சின மூளியா விடக் கூடாதுன்னு காலையில பூசை முடிச்சு ஒரு பொட்டு வச்சேன். எல்லா வண்டிக்கும் வைக்கதுதான்."

பழைய பெல்ட்டைக் கழற்றியதும் சக்கரம் கொஞ்சம் உருண்டு, மாரியப்பன் வைத்த வெள்ளைப் புள்ளி கீழே போய் ஒளிந்துவிட்டது. காலையில் பெல்ட் மாட்ட வந்தவர் கண்ணில் பட்டது காய்ந்து வெளுத்த பொட்டு. அதையே குறி என்று நினைத்துக் கோட்டுக்கு நிறுத்திப் பெல்ட்டை மாட்டிவிட்டார். செல்ஃப் அடித்திருந்தால் வால்வெல்லாம் வளைந்திருக்கும், பழி என் வண்டியின் வயசு மேல் விழுந்திருக்கும், நானும் வாக்குக் கொடுத்தபடி விற்றிருப்பேன்.

"ஏலே மாரியப்பா, பாத்து மாட்டக் கூடாதா?" என்றார் அண்ணாச்சி. பொட்டு வைத்தவர் அவர், ஏச்சு வாங்குகிறவர் இன்னொருவர். மாரியப்பன் தலையைத் தூக்காமல் பெல்ட்டைக் கழற்றினார். வெள்ளைப் புள்ளியைத் தேடிப் பிடித்து மறுபடி மாட்டினார். இந்தத் தடவை அவரே கையால் சுற்றினார். இரண்டு முழுச் சுற்று, எங்கும் முட்டவில்லை. அதன் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது.

"உங்க நல்ல நேரம் சார், சீக்கிரமா வந்தீங்க," என்று அண்ணாச்சி என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அருவிக்கரை எண்ணெய் இன்னும் காயாத கை. வீட்டுக்காரர் அதைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

மதியம் செங்கோட்டை தாண்டி, மலையடிவாரத்தில் புளியரைச் சோதனைச் சாவடி. லத்தியோடு நின்ற காவலர் ஸ்டியரிங்கில் இருந்த என்னைத் தாண்டிச் சுற்றிவந்து, இடது பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

"எங்க போறீங்க சார்? வண்டியில என்ன இருக்கு?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன்.

"வண்டி அவங்களோடது," என்றார் என் வீட்டுக்காரர். "அவங்களைக் கேளுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

காவலர் சுற்றி என் பக்கம் வந்து கேட்டார், நான் சொன்னேன், தடுப்புக் கம்பு மேலே போனது. மலை ஏறத் தொடங்கியதும் கேட்டேன்:

"இதை நேத்துத் தென்காசியில சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வலிச்சதா?"

ஆரியங்காவு வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தார். வண்டி எங்கேயும் நிற்கவில்லை.