மாதம்மாளின் ராகிக் குழி

தளிக்கு மேற்கே, காடு முடிகிற இடத்தில் குடியேறிய முதல் நான்கு வீடுகளில் மாதம்மாளின் வீடும் ஒன்று. ஐம்பத்திரண்டாம் வருஷம் அவளும் புருஷன் சென்னப்பனும் ஒரு ஜோடி மாட்டோடு சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தார்கள். அப்போது அந்த இடத்துக்குப் பேர்கூட இல்லை. உண்ணிப் புதரும் பாறையும்தான். புதரை வெட்டி வேரைக் கிளறிக் கல்லைப் பொறுக்கியதில் அவள் உள்ளங்கை அந்த வருஷமே காய்த்துப்போயிற்று. திருத்துகிறவருக்கே நிலம் என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஒரு வருஷம் விதைக்காமல் போட்டால் நிலம் திரும்பப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள். இந்த இரண்டாவது பேச்சுதான் மாதம்மாளின் மனசில் முள்ளாகத் தைத்திருந்தது.

முதல் விளைச்சலைத் தன் ஊர் வழக்கப்படி வீட்டுக்குள் மண் குதிரில் கொட்டி வைத்தாள். தை முடிவதற்குள் ஒரு விடியற்காலை யானை வந்து பின்சுவரை நெட்டித் தள்ளியது. தின்றது போக மிச்சத்தை மிதித்துவிட்டுப் போயிற்று.

பல தலைமுறையாக அந்தக் காட்டோரத்தில் இருக்கும் ரங்கம்மா வந்து பார்த்தாள். வீட்டில் பேசுவது கன்னடம். தமிழையும் அந்த ராகத்தில்தான் பேசுவாள்.

“வீட்ல ராகி வச்சு ஆனெய விருந்துக்குக் கூப்ட்டியாம்மா? அதுக்கு ஒடம்பெல்லாம் மூக்கு. மண்ணுக்குள்ள போடு.”

பானையைப் போல வாய் குறுகி வயிறு அகன்ற குழி, இரண்டு ஆள் ஆழத்தில். உள்ளே தீயிட்டுச் சுவரை இறுக்கி, வைக்கோல் பரப்பி, ராகியைக் கொட்டினார்கள். வாயில் பலகைக்கல்லைப் போட்டுக் களிமண் பூசி, மேலே சாணி மெழுகிவிட்டால் யானை அதன்மேலேயே நடந்து போகும்.

குழியைத் திறக்கும் நாளில் ரங்கம்மா தவறாமல் வந்து நிற்பாள். கல்லை நகர்த்தியதும் மஞ்சள் பூசிய அகல் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவாள். அது அணைந்தால், “மண்ணுக்குள்ள இருக்கற அம்மா இன்னும் ஒப்பல” என்பாள். புங்கக் கிளையைக் கட்டி இறக்கி, மேலும் கீழும் இழுத்து அம்மாவுக்கு விசிறுவாள். உச்சி வெயில்வரை ஆனாலும் சரி, விளக்கு அடிமட்டும் போய் நின்று எரிந்தால்தான் ஆளை இறங்க விடுவாள். சென்னப்பன் தள்ளி உட்கார்ந்து பீடி குடித்தபடி சிரிப்பான்.

“அவங்க சாமி, அவங்க பூசை. நமக்கு வவுத்துப்பசி.”

மாதம்மாளும் அதைப் பூசை என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் ஒல்லி உடம்பு என்பதால் குழிக்குள் இறங்குகிறவள் அவள்தான். விளக்கு எரிந்த பிறகு இறங்கினாலும், அடியில் குனிந்து அள்ளும்போது தலை கனக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பத்தாறு ஆடியில் அவள் ஏழு மாதக் கர்ப்பிணி, குழிக்குள் இறங்க முடியாது. ரங்கம்மா தன் மகளின் பிரசவம் பார்க்க ஆனேக்கல் போயிருந்தாள். வீட்டில் ராகி தீர்ந்துவிட்டது. விதை ராகியும் குழிக்குள்தான் இருந்தது. காலையில் வானம் கழுவிவிட்டாற்போல இருக்கவே, சென்னப்பன் மண்ணை வெட்டிக் கல்லை நகர்த்தினான். அவள் விளக்கை ஏற்றி எடுத்து வருவதற்குள் தளி மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எழும்பிவிட்டது.

விளக்கு பாதி ஆழம்கூடப் போகவில்லை.

“மாமா, வெளக்கு அணஞ்சிடுச்சு.”

“காத்துல அணஞ்சிருக்கும். மறுபடி ஏத்து.”

ஏற்றினாள். அணைந்தது. மூன்றாம் முறை சுடரையே பார்த்தபடி கயிற்றை விட்டாள். அதே ஆழத்தில், சுடர் ஆடாமல் அசையாமல், திடுமென்று போயிற்று.

“உள்ள ஏது மாமா காத்து? யாரோ கிள்ளி எடுத்த மாரி போவுது.”

“அந்தம்மாவுக்கு நம்ம பாஷ புரியல போல. நீ கன்னடத்துல கேளு.”

“வெளயாடாத. கொழைய வெட்டியாந்து விசிறலாம்.”

“நீ விசிறிக்கினே இரு. மழ வந்து எல்லாத்தயும் கரைச்சிட்டுப் போவட்டும். இந்த வருசம் வெதைக்கலன்னா கொல்லயே போச்சு புள்ள. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஊருக்குப் போறது?”

கல்லைத் திரும்பப் போட்டாலும் ஈரக் களிமண் மழைக்கு நிற்காது. சரிவில் ஓடிவரும் தண்ணீர் நேரே குழிக்குத்தான் வரும். மேகம் தலைக்குமேல் வந்துகொண்டிருந்தது.

அவள் கிணற்றடிக்குப் போய்க் மாடு கட்டிச் சாலில் தண்ணீர் இறைக்கும் கவலையின் வடக்கயிற்றையும் மாட்டையும் கொண்டுவந்தாள். கயிற்றின் ஒரு நுனியை நுகத்தடியில் மாட்டி, மறுநுனியை அவன் அக்குளுக்கடியில் சுற்றி முடிந்தாள்.

“என்னய கவல சாலுன்னு நெனச்சியா?”

“ஆமா. கூப்புட்டா ‘ம்’னு சொல்லணும்.”

தோளை ஒடுக்கி நுழைந்து, சுவரில் வெட்டியிருந்த கால்குழிகளில் மிதித்து இறங்கினான்.

“மாமா.”

“ம்.”

“மாமா.”

“ம். நச்சரிக்காத, கூடைய உடு.”

கூடையை விட்டாள். அது போய் அடியில் தட்டியது. யாரும் அதைத் தொடவில்லை.

“மாமா.”

முதல் துளி அவள் கழுத்தில் விழுந்தது.

“மாமா, வெளயாடாத மாமா.”

மண்டியிட்டாள். வயிறு குனிய விடவில்லை. அவளை அறியாமலே கால் முதல் கால்குழியைத் தேடிப் போயிற்று. உடம்பு முழுக்க இறங்கு இறங்கு என்றது. அப்போது பக்கத்தில் கரிந்த திரியோடு கிடந்த விளக்கு கண்ணில் பட்டது. மூடிக் கிடந்த குழியில் ராகி புழுங்கிக் காற்று கெட்டிருந்தது. அந்தக் காற்றுக்கு வாடை கிடையாது. இதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சுடரைக் கிள்ளியது எதுவோ அதுதான் ஆளையும் கிள்ளியிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. காலை வெளியே இழுத்துக்கொண்டாள். அதற்காகப் பின்னாளில் அவளைப் புத்திசாலி என்றவர்களும் உண்டு, நெஞ்சழுத்தக்காரி என்றவர்களும் உண்டு.

மாட்டை அதட்டினாள். கவலைக்குப் பழகிய மாடுகள், கயிறு இறுகியதும் அடி வைத்தன. குழிவாயில் அவன் தோள் சிக்கியது. “ஹோ, ஹோ” என்று மாட்டை நிறுத்தி, கையை விட்டு அவன் முடியைப் பற்றி, தோளைத் திருப்பி, மறுபடி அதட்டினாள். தோல் உரிந்து வந்தான். முகம் நாவல்பழமாகக் கறுத்திருந்தது.

தலையை மடியில் போட்டுக் கன்னத்தில் அறைந்தாள். நெஞ்சைத் தேய்த்தாள். மழை பிடித்துக்கொண்டது. வெகுநேரம் கழித்து, தொண்டையில் ஏதோ கிழிகிற சத்தத்தோடு மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வருமா என்று காத்திருந்தாள். வந்தது. அதற்கடுத்ததற்கும் காத்திருந்தாள்.

செந்தண்ணீர் சரிவில் இறங்கிக் குழியின் விளிம்பைத் தொட்டது. எழுந்துபோய்க் கல்லைத் தள்ளினால் பாதியாவது தப்பும். தலையைக் கீழே வைத்தால் மழை அவன் வாய்க்குள் போகும். முந்தானையை அவன் முகத்துக்குமேல் பிடித்தபடி, ஒரு வருஷச் சோறும் விதையும் மண்ணுக்குள் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சென்னப்பன் பிழைத்தான். ஆனால் வலது கை பிடிப்பு இழந்துவிட்டது. சொல் ஒவ்வொன்றும் தேடித்தான் வந்தது. ஊர் திரும்பிய ரங்கம்மா விதை ராகி கொண்டுவந்து வைத்தாள். “அம்மா ஒப்பலன்னா ஒப்பலதான்” என்றாள்.

மாதம்மாள் ஏரைப் பூட்டினாள். அந்தப் பக்கத்தில் பெண்கள் மேழியைத் தொடுவதில்லை. அடுத்த கொல்லைக்காரன் முனிவேல் வரப்பில் வந்து நின்றான்.

“பொம்பள ஏர் புடிச்சா மழ பேயாதும்மா.”

“பேஞ்ச மழயே போதும்ணா.”

அவன் வரப்பிலிருந்து இறங்கி அவளுக்குப் பின்னால் விதைத்துக்கொண்டு வந்தான். நிலம் கைவிட்டுப் போகாமல் நின்றது. புரட்டாசியில் பெண் பிறந்தது.

அடுத்த ஆடியில், அந்த விதைப்பில் விளைந்த ராகிக்காகக் குழியைத் திறந்தபோது விளக்கு அணைந்தது. மாதம்மாள் புங்கக் கிளையால் விசிறினாள். மறுபடி அணைந்தது. மறுபடி விசிறினாள். உச்சிவெயிலில் விளக்கு அடிவரை போய் நின்று எரிந்தது. அவள் வடத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மாட்டுக்குப் பக்கத்தில் சென்னப்பன் இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மா… மாதம்மா.”

“ம்.”

“மாதம்மா.”

“இருக்கேன் மாமா.”

கூடை நிறைந்து மேலே வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. குழிவாயைப் பார்த்தபடி, அடுத்த சொல்லைத் தேடாமல், அந்தப் பேரையே மறுபடி சொல்லிக் கூப்பிட்டான்.