மீனம்மா வைத்த நெருப்பு

ஆடி பிறந்துவிட்டால் மீனம்மா நிம்மதியாக ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்க மாட்டாள். சோளகக் காற்று தேக்கங்காட்டுக்குள் புகுந்து சருகைக் கிளப்பும் சத்தம் கேட்டாலே போதும். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து, மூக்கை உயர்த்தி நாலு திசையும் மணந்து பார்ப்பாள். அக்கராயன் பக்கத்தில் அந்தக் கடைசித் தெருவுக்கே அது பெரிய பகிடி. "மீனம்மாக்கா நிக்கிறா, நாங்கள் காலை நீட்டிக்கொண்டு படுக்கலாம்" என்பார் பக்கத்து வளவுக் கனகலிங்கம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர்களில் ஒருவராவது மலை எரிந்து பார்த்ததுண்டா?

மீனம்மா பார்த்திருக்கிறாள். ஊவாப் பக்கத்துத் தோட்டமொன்றில், அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, லயத்து வீடுகளுக்குக் கீழேயிருந்த மானாப்புல் மலைச்சரிவு பட்டப்பகலில் பற்றிக்கொண்டது. மேட்டில் ஏறும்போது நெருப்பு ஓடியது. தோட்டத்து ஆம்பிளைகள் லயத்துக்குப் பின்னால் புல்லை மண் தெரியச் செதுக்கி, அந்தக் கரையிலிருந்து தாங்களே ஒரு நெருப்பை வைத்தார்கள். பெரிய நெருப்பு வந்து சேர்ந்தபோது அதற்குத் தின்ன எதுவும் மிச்சமிருக்கவில்லை. மறுவருடம், எழுபத்தேழுக் கலவரத்தில், ஒரு தகரப்பெட்டியோடு குடும்பம் வன்னிக்கு வந்தது. இங்கே மலை கிடையாது. நெருப்புக்கு மேடு தேவையில்லை, காற்றுப் போதும் என்பது அவளுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது.

ஆகவே ஆனி மாதம் முடிவதற்குள் வளவின் பின்பக்கத்தில் நாலு பாகம் அகலத்துக்கு மண்வெட்டியால் செதுக்கி வெறும் தரையாக்கிவிடுவாள். நியாயமாக அந்த வெட்டு வேலிக்கரையில்தான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, வளவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் ஓடியது. வெட்டுக்கு அப்பால் இடுப்பளவு இலுக்குப் புல், அதற்குள்ளே சண்டைக் காலத்தில் ஷெல்லுக்குப் பதுங்கத் தோண்டிய பழைய பங்கர். பங்கருக்குக் கிட்ட மண்வெட்டி கொண்டுபோக வீரபாகு விடமாட்டார்.

வீரபாகு அவளுடைய புருசன். அவரும் மலையிலிருந்து வந்தவர்தான். மீள்குடியேறி வந்த கையோடு ஊரில் எல்லோரும் தங்கள் பங்கர்களை மூடி, அந்த இடத்தில் வாழையும் கத்தரியும் நட்டார்கள். அவர் மட்டும் மூடவில்லை. மேலே அடுக்கிய பனங்குற்றிகள் காய்ந்து வெடித்துப் போயிருந்தன.

"அதை மூடுங்கோவன். பாம்பு குடியிருக்குது" என்று வருடா வருடம் அவள் சொல்லுவாள்.

"கிடக்கட்டும்" என்பதோடு அவர் கதை முடிந்துவிடும்.

முடியத்தானே வேண்டும்? கடைசிச் சண்டையில், புதுக்குடியிருப்பு தாண்டி ஒரு பங்கருக்குள் மூன்று பேரும் இருந்தார்கள். வீரபாகு தண்ணீர் எடுக்கப் போனார். பத்து வயது மகள் நிரோஜா பின்னால் ஓடினாள். விழுந்த ஒரு ஷெல்லில் பிள்ளையும் போய், அவருடைய வலது காலும் முழங்காலுக்குக் கீழே போனது. இப்போது ரப்பர்க் கால். "நான் வெளியிலை போயிருக்கக்கூடாது." இந்தப் பதினாறு வருடத்தில் அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். பிள்ளை ஏன் பின்னால் வந்தாள் என்று அவர் கேட்டதில்லை, மீனம்மா சொன்னதுமில்லை.

இந்த வருடம் சித்திரைக்குப் பிறகு ஒரு துளி மழை இல்லை. குளத்தின் அடி பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. ஆவணியில் ஒருநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், மூக்கை உயர்த்தத் தேவையே இருக்கவில்லை. தேக்கங்காட்டுக்கு மேலே புகை சுவர்போல எழும்பி நின்றது. காற்று அங்கிருந்து நேரே வீட்டைப் பார்த்து வீசியது.

கனகலிங்கம் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் வயசானவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். மீனம்மா வீரபாகுவையும் தூக்கி ஏற்றி, கைத்தடியைக் கையில் கொடுத்தாள்.

"நீங்கள் றோட்டடிக்குப் போங்கோ. நான் மாடுகளை அவிட்டு விட்டிட்டு வாறன்."

மூன்றாவது மாட்டை அவிழ்க்கும்போது காட்டுக்குள் முதல் வெடி கேட்டது. பிறகு இரண்டு. பிறகு படபடவென்று ஒரு தொடர். சண்டை விட்டுவிட்டுப் போன சாமான்கள், நெருப்புப் பட்டதும் ஒவ்வொன்றாக வெடித்தன. மீனம்மாவின் உடம்பு அவளைக் கேட்காமலே மண்ணில் குப்புற விழுந்தது. பல்லுக்குள் மண். "இது சண்டையில்லை, இது சண்டையில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழும்பினாள். இனி ஊர்ச்சனம் பச்சைக் கொப்போடு அடித்து அணைக்க வரப்போவதில்லை. வெடிக்கிற காட்டுக்குக் கிட்ட யார் வருவார்கள்?

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வெட்டுக்கு ஓடினாள். மூன்று குச்சிகள் முறிந்தன. நாலாவது பற்றியது. வெட்டின் அந்தக் கரை நெடுக இலுக்குப் புல்லில் நெருப்பை வைத்தாள். எதிர்க்காற்றென்றபடியால் அது முழங்கால் உயரத்தில், மனமில்லாமல், ஊர்ந்து ஊர்ந்து காட்டை நோக்கிப் போனது. பின்னால் கறுப்புத் தரை அகன்றுகொண்டு வந்தது. சரி, வீடு தப்பும் என்று அவள் மூச்சுவிட்டாள்.

காற்றுச் சுழன்று புகை ஒருகணம் விலகியது. பங்கர் வாசல் குற்றிமேல் ஒரு கைத்தடி கிடந்தது.

வெடிச்சத்தம் கேட்டதும் மனிசன் பெட்டியிலிருந்து இறங்கி, வேலிப் பொட்டுக்குள் நுழைந்து திரும்பி வந்திருக்கிறார். வெடி கேட்டால் பங்கர். அவருக்கு வேறு வழி தெரியாது. காட்டிலிருந்து ஒரு நெருப்பு அவரிடம் வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து போய்க்கொண்டிருந்த நெருப்பு அவள் வைத்தது.

மீனம்மா தன் நெருப்பைக் கடந்து ஓடினாள். செருப்பு இரண்டும் எங்கேயோ கழன்றன. பங்கருக்குள் அவர் காதுகளைப் பொத்திக்கொண்டு மூலையில் சுருண்டிருந்தார்.

"எழும்புங்கோ! இது ஷெல் இல்லை, நெருப்பு!"

"வெளியிலை போகாதை. வந்து இரு. சத்தம் நிக்கட்டும்."

"குற்றி பத்தினால் ரெண்டு பேரும் முடிஞ்சம். எழும்புங்கோ!"

கையைப் பிடித்து இழுத்தாள். அவர் குற்றியை இறுக்கிப் பிடித்தார். வாசலால் புகை இறங்கியது. "அண்டைக்கு நான் வெளியிலை போனபடியால்தானே பிள்ளை வந்தவள்" என்றார் அவர். குரல் சின்னப்பிள்ளையின் குரலாக இருந்தது.

பயம் முற்றினால் மீனம்மாவுக்கு மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்.

"அவளா வரலைங்க! நான்தான் அனுப்புனேன். நீங்க கேனை மறந்துட்டுப் போயிட்டீங்க. ஓடிப்போய் அப்பாகிட்ட குடுத்துட்டு வாடின்னு நான்தான் அவ கையில குடுத்தேன். நான்தான்! என்னைக் கொல்லணும்னா வெளியில வந்து கொல்லுங்க!"

வீரபாகு காதிலிருந்து கையை எடுத்தார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் பதினாறு வருடமாகப் பயந்திருந்தாள், காட்டு நெருப்புக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. அவர் கையை நீட்டினார். அவள் இழுத்தாள்.

முழங்கால் உயர நெருப்பை இருவரும் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார்கள். கறுப்புத் தரையில் கால் வைத்ததும் பின்னால் பெரிய நெருப்பு இரைந்துகொண்டு வந்து பங்கரில் ஏறியது. பனங்குற்றிகள் சடசடவென்று பற்றின. புகை கவிந்து வெட்டு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அசையாமல் நிற்பதைத் தவிர வழியில்லை. சாம்பல் தகித்தது. வெறுங்காலோடு மீனம்மா காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். சுடுகிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எதைச் சொல்லவும் தனக்கு இனி உரிமை இல்லை என்றே நினைத்தாள்.

வீரபாகு குனிந்து அவளுடைய கால்களைப் பார்த்தார். பிறகு அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"என்ரை காலிலை ஏறி நில்லு" என்றார். "வலது காலிலை. அதுக்குச் சுடாது."

மீனம்மா ஏறி நின்றாள்.